முதுகில் ஊசி போட்டால் நடை போய்விடுமா?

மூன்று இதழ்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தலைவலி ஒரு வாரத்தைத் தாண்டினால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று. சர்க்கரை நோய் பற்றியும் மூட்டுவலி பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியபோது வராத கடிதங்கள் அந்த ஒரு வரிக்கு வந்துவிட்டன. பாதிக்கு மேல் பெயர் இல்லாதவை. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் இந்த ஒரு விஷயத்துக்கே. யாருடைய கடிதம் என்று அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"என் தம்பிக்கு 34 வயது. ஐந்து வருஷம் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டான். வேலைக்கு வெளியூர் போனவன் ஒரு வருஷமாக விட்டுவிட்டான். இப்போது மூன்று வாரமாகத் தலைவலி, வாந்தி. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். 'முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும், என் பிள்ளை படுத்த படுக்கையாகிவிடுவான்' என்று அம்மா மறிக்கிறார். என்ன செய்வது டாக்டரம்மா?"
— பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

நல்லவேளை, கடிதத்தின் அடியில் செல்பேசி எண் எழுதியிருந்தீர்கள். இது அச்சாகி வரும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை. அன்றைக்கே உங்களோடும் உங்கள் அம்மாவோடும் பேசினேன். மறுநாள் காலையில் நீர் எடுத்துவிட்டார்கள். இங்கே எழுதுவது, இதே கையெழுத்துக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ நிற்கிற இன்னொரு அக்காவுக்காக.

அம்மாவின் பயம் எனக்குப் புதிதில்லை. முப்பது வருஷமாக வார்டு வாசலில் கேட்டிருக்கிறேன். அவருக்குப் போனில் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். தண்டுவடம் முதுகு முழுக்க ஓடவில்லை. மேல் இடுப்போடு முடிந்துவிடுகிறது. நாங்கள் ஊசி போடுவது அதற்கும் கீழே, இரண்டு இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் இணைத்து ஒரு கோடு போட்டால் வருகிற இடத்தில். அங்கே தண்டுவடம் கிடையாது. அவிழ்த்துவிட்ட கூந்தல் குளத்து நீரில் மிதப்பதைப் போல மெல்லிய நரம்பு இழைகள் மிதந்துகொண்டிருக்கும். ஊசி வந்தால் விலகிக்கொள்ளும். எடுத்த பிறகு ஒரு நாள், இரண்டு நாள் தலைவலி இருக்கலாம். குத்திய இடம் வலிக்கும். நடை போகாது. வலிப்போ, ஒரு பக்கம் கை கால் பலவீனமோ, மயக்கமோ இருந்தால் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். அந்தக் கவனம் மருத்துவருக்கு உண்டு.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை பார்த்துவிட்டேன். 1999. பரோட்டா மாஸ்டர், வயது இருபத்தாறு. தலைவலி என்று வந்தார். அவருடைய தாயாரும் உங்கள் அம்மாவைப் போலவே அழுதார். "ரெண்டு நாள் பார்க்கலாம்மா" என்றார். நானும் சரி என்றேன். தலைவலி ஊசியும் குளுக்கோஸும் போட்டுக்கொண்டு இரண்டு நாளைக் கடத்தினோம். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "வெளிச்சம் தெரியுது டாக்டர், ஆள் தெரியல" என்றார். மண்டைக்குள் அழுத்தம் ஏறி, கண் நரம்பு நசுங்கிவிட்டது. அன்றைக்கு நீர் எடுத்தோம். உயிர் பிழைத்தார், பார்வை திரும்பவில்லை. அந்தத் தாயாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் அதைச் செய்யவில்லை.

உங்கள் தம்பிக்கு வந்திருப்பது கிரிப்டோகாக்கஸ் என்கிற பூஞ்சையால் வரும் மூளை உறைக் காய்ச்சல். எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 100-க்குக் கீழே போனவர்களைத்தான் இது பெரும்பாலும் பிடிக்கும். மாத்திரையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கிறதே, அந்த இடைவெளியில்தான் எண்ணிக்கை சரிந்திருக்கிறது. நம் வார்டுகளில் எச்.ஐ.வி. உள்ளவருக்கு நாள்பட்ட தலைவலி என்றால் இரண்டு பேரைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். ஒன்று இந்தப் பூஞ்சை, மற்றது டி.பி. மூளைக்காய்ச்சல். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். தலைவலி, காய்ச்சல், வாந்தி, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது என்று எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மருந்து முற்றிலும் வேறு. நீர் எடுக்காமல் தெரியாது.

அந்த நீரில் பூஞ்சையைப் பார்ப்பது எளிய பரிசோதனைதான். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டு கறுப்பு இந்தியன் இங்க். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் களம் முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்குள் பூஞ்சை வட்டமாக நிற்கும், அதைச் சுற்றி ஒளி வளையம் போட்டிருக்கும். அதன் தடித்த கூடு மையை உள்ளே விடாததால் வருகிற வளையம் அது. "அகல வட்டம் பகல் மழை" என்று நிலாவைப் பார்த்து எங்கள் ஊரில் சொல்வார்கள். முதன்முதலில் லேபில் அதைப் பார்த்தபோது எனக்கு அந்த நிலாதான் நினைவுக்கு வந்தது. இப்போது இன்னும் நுட்பமான பட்டைப் பரிசோதனை வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தத்திலேயே பத்து நிமிஷத்தில் சொல்லிவிடும். தலைவலி தொடங்குவதற்கு வாரக்கணக்கில் முன்பே ரத்தத்தில் தெரிந்துவிடும். சி.டி.4 குறைவாக இருப்பவர்கள் தங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் இதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

நீர் எடுப்பது பரிசோதனைக்காக மட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த நோயில் அதுவே வைத்தியம். ஊசி உள்ளே போனதும் மெல்லிய குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளப்பார்கள். அளவுக்குழாய் இல்லாத வார்டில் டிரிப் செட் குழாயை வெட்டி நிமிர்த்திப் பிடித்து, பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்திருக்கிறோம். 20 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டியது. 40, 50 என்று ஏறி வழிந்ததைப் பார்த்திருக்கிறேன். 25-க்கு மேல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து இறக்க வேண்டும். வடிக்க வடிக்க, சுருண்டு படுத்திருந்தவர் கண் திறந்து, "தலையில இருந்த பாறாங்கல்லை இறக்கி வெச்ச மாதிரி இருக்கு" என்பார். தலைவலி திரும்பினால் மறுபடி எடுக்க வேண்டும், சில சமயம் தினமும். "ஒரு தடவைன்னு சொன்னீங்களே" என்று அம்மா கேட்பார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மருந்து ஆம்போடெரிசின். எங்கள் காலத்தில் இரண்டு வாரம் தினமும் டிரிப்பில் ஏற்றுவோம். சலைனில் கலந்தால் எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி திரிந்துவிடும், குளுக்கோஸில்தான் கலக்க வேண்டும். ஏற ஏற உடம்பு தூக்கிப் போடும். கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர். இரண்டு கம்பளி போர்த்தி அழுத்திப் பிடித்துக்கொள்வோம். சிறுநீரகம் கெடாமல் இருக்க முன்னதாக ஒரு பாட்டில் சலைன் ஏற்ற வேண்டும், பொட்டாசியம் குறைகிறதா என்று ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2022-ல் ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் செய்த ஆய்வு இதை மாற்றியது. கொழுப்புறை போட்ட ஆம்போடெரிசினை ஒரே ஒரு நாள் பெரிய அளவில் கொடுத்து, கூடவே புளூசைட்டோசின், புளூகோனசோல் மாத்திரைகளை இரண்டு வாரம் கொடுத்தால் பலன் சமமாக இருக்கிறது, பக்கவிளைவு குறைகிறது என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் அதே வருஷம் ஏற்றுக்கொண்டது. உங்கள் ஆஸ்பத்திரியில் எது இருக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். இரண்டுமே வேலை செய்கிற மருந்துதான். அதன் பிறகும் புளூகோனசோல் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும். ஏ.ஆர்.டி.யை உடனே தொடங்கச் சொல்லி நெருக்காதீர்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுப்பார்கள். காரணத்தைக் கீழே இன்னொரு கடிதத்தில் சொல்லியிருக்கிறேன்.

தம்பியிடம் "ஏன்டா மாத்திரையை விட்டாய்" என்று இப்போது கேட்காதீர்கள். அவர் எழுந்து உட்கார்ந்த பிறகு, வெளியூரில் எந்த மையத்தில் வாங்கலாம் என்பதை அவரோடு சேர்ந்து விசாரியுங்கள். ஏ.ஆர்.டி.யை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். இது தெரியாமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"அந்தப் பூஞ்சை புறா எச்சத்தில் இருக்கிறது என்று படித்தேன். எங்கள் மாடியில் ஐம்பது புறா. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. வீட்டில் பூனையும் உண்டு. எல்லாவற்றையும் விரட்டிவிடவா?"
— வாசகி, சென்னை

விரட்ட வேண்டாம். பூஞ்சை புறா எச்சம் கலந்த மண்ணிலும் தூசியிலும் இருப்பது உண்மை. நம்மில் பலர் தெரியாமலே சுவாசித்திருப்போம். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. மாடியைக் கூட்டுகிற வேலையை மட்டும் வீட்டில் வேறொருவரிடம் விடுங்கள். கூட்டும் முன் தண்ணீர் தெளித்தால் தூசி எழும்பாது. பூனையின் மலத்தை அள்ளுகிற வேலையும் வேறொருவருக்கு. டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி அதில் இருக்கலாம். அரைவேக்காட்டு இறைச்சியிலும் அது வரும், மட்டனை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். இதையெல்லாம்விடப் பெரிய காவல் உங்கள் ராத்திரி மாத்திரை. சி.டி.4 எத்தனை என்று எழுதவில்லையே. 200-க்கு மேல் நின்று, வைரஸும் அடங்கியிருந்தால் புறாவும் பூனையும் அவை பாட்டுக்கு இருக்கட்டும்.

"என் வீட்டுக்காரருக்கு டி.பி. மூளைக்காய்ச்சல் என்று இரண்டு மாதம் மருந்து கொடுத்து நன்றாகத் தேறினார். அப்புறம் ஏ.ஆர்.டி. தொடங்கினார்கள். தொடங்கிய மூன்றாம் வாரம் மறுபடி காய்ச்சல், தலைவலி, முன்னைவிட மோசம். அந்த மாத்திரைதான் காரணம் என்று மாமனார் அதை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்."
— விழுப்புரம் மாவட்டம்

மாமனாரிடம் கோபப்படாதீர்கள். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். மாத்திரை போட்டார்கள், உடம்பு கெட்டது. ஆனால் உள்ளே நடப்பது வேறு.

எதிர்ப்பு சக்தி படுத்துக்கிடந்த காலத்தில் மூளையைச் சுற்றி டி.பி. கிருமிகளின் மிச்சம் எதிர்ப்பாரின்றிக் கிடந்தது. ஏ.ஆர்.டி. போட்டதும் அந்தப் படை எழுந்து நின்று, கிடக்கிற மிச்சத்தையெல்லாம் ஒரே மூச்சில் தாக்குகிறது. சண்டை நடக்கிற இடம் வீங்குகிறது. வயிற்றிலோ கழுத்துக் கட்டியிலோ வீங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். மண்டை ஓடு விரியாதே, அதற்குள் வீங்கினால் ஆபத்து. அதனால்தான் மூளையில் நோய் இருக்கும்போது ஏ.ஆர்.டி.யைத் தள்ளிப்போடுகிறோம். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பூஞ்சைக் காய்ச்சல்காரர்களிடம் இதைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். ஓரிரு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 45 பேர் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 பேர். ஒரு நல்ல மருந்தைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்ததில் நூற்றில் பதினைந்து உயிர் வித்தியாசம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவசரப்பட்டுத் தொடங்கிய பழைய முகங்கள் வந்துகொண்டே இருந்தன.

உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதம் பொறுத்தே தொடங்கியிருக்கிறார்கள், முறை சரிதான். அப்படியும் சிலருக்கு இது வரும். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். டி.பி. மருந்துக்கு மசியாத கிருமியா, வேறு புதிய தொற்றா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள். மருத்துவர் சொல்லாமல் ஏ.ஆர்.டி.யை நிறுத்தக் கூடாது, டி.பி. மாத்திரையையும்தான். இன்னொன்று: ஏ.ஆர்.டி.யில் அவர் டோலுடெக்ராவிர் என்கிற மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், ரிபாம்பிசின் என்கிற டி.பி. மருந்து ஓடுகிறவரை அது காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டு வேளை வேண்டும். ரிபாம்பிசின் அதைச் சீக்கிரம் கரைத்துவிடும். மாலை மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள்.

(ஸ்டீராய்டு என்றதும் ஒரு எச்சரிக்கை. தலைவலிக்கு அதையே கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. பூஞ்சைக் காய்ச்சலில் அது கெடுதல். 2016-ல் வெளியான ஆய்வை அந்தக் கெடுதல் காரணமாகவே பாதியில் நிறுத்தினார்கள்.)

"கணவர் டெய்லர், வயது 47. ஒன்பது வருஷமாக எச்.ஐ.வி. என்று தெரியும். பயந்து மாத்திரை ஆரம்பிக்கவே இல்லை. இப்போது ஒரு சட்டைக்கு மூன்று நாள் ஆகிறது. காஜா எடுத்த இடத்திலேயே மறுபடி எடுக்கிறார். கூப்பிட்டால் கொஞ்சம் கழித்துத்தான் திரும்புகிறார். 'சோம்பேறி' என்று திட்டிவிட்டேன். அல்சைமராக இருக்குமா?"
— ஈரோடு மாவட்டம்

சோம்பல் இல்லை அம்மா. எச்.ஐ.வி. உடம்பில் நுழைந்த முதல் சில வாரங்களிலேயே மூளைக்குள்ளும் போய்விடுகிறது. வெள்ளை அணுக்களில் ஏறிக்கொண்டு உள்ளே போய், மூளையின் காவல் செல்களில் குடியிருக்கும். நரம்பு செல்லை நேராகக் கொல்வதில்லை. காவல் செல்கள் கக்குகிற நச்சில் பக்கத்தில் இருக்கும் நரம்பு செல்கள் வாடிப்போகின்றன. முதலில் போவது வேகம். பட்டன் போடுவது, கூட்டிக் கழிப்பது, பேச்சில் பதில் சொல்வது எல்லாம் மெதுவாகும். ஆர்வம் குறையும். வீட்டில் இருப்பவர்கள் அதைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் எடுத்துக்கொள்வார்கள்.

வார்டில் நான் செய்கிற ஒரு சின்னச் சோதனை உண்டு. நான்கு வார்த்தை சொல்வேன்: தேங்காய், செருப்பு, கிளி, சிவப்பு. திருப்பிச் சொல்லச் சொல்வேன். பிறகு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அகல விரித்து வேகமாகத் தட்டச் சொல்லி ஐந்து விநாடி எண்ணுவேன். பிறகு மேசை மேல் கையை முஷ்டியாக வை, உள்ளங்கையை விரித்து வை, பக்கவாட்டில் நிறுத்து. இந்த மூன்றையும் வரிசை தப்பாமல் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வேன். கடைசியில் அந்த நான்கு வார்த்தையைக் கேட்பேன். மறந்திருந்தால் "ஒரு பறவை" என்று எடுத்துக் கொடுப்பேன். அல்சைமர்காரருக்குப் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்தாலும் வராது, உள்ளே பதிந்திருக்கவே பதிந்திருக்காது. எச்.ஐ.வி. காரணமாக மந்தமானவர் "ஆங், கிளி!" என்பார். உள்ளே இருக்கிறது, எடுத்து வரத்தான் நேரமாகிறது. தையல்காரர் ஒருவர் முஷ்டி, உள்ளங்கை, விளிம்பு என்பதை மூன்று தடவை தப்பவிட்டுவிட்டு, தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் கத்திரி பிடித்த கை.

நம்பிக்கையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏ.ஆர்.டி. தொடங்கினால் இது முன்னேறாமல் நிற்கும், பலருக்குக் கணிசமாகத் திரும்பும். மாதங்கள் ஆகும். சி.டி.4 குறையட்டும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. 2017 முதல் நம் நாட்டில் யாருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தாலும் உடனே இலவச மாத்திரை. தொடங்கும் முன் அவருக்குத் தலை ஸ்கேன், பி-12, தைராய்டு, சிபிலிஸ் பரிசோதனை எல்லாம் செய்யச் சொல்லுங்கள். இதே மாதிரி நடிக்கிற நோய்கள் அவை. மனச்சோர்வும் அப்படித்தான். ஒன்பது வருஷம் பயத்தைத் தனியாகச் சுமந்தவருக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்கள் கையில் எடுத்துக் கொடுங்கள், அவர் மறப்பார். சூடான அயர்ன் பெட்டி, மோட்டார் தையல் மெஷின் எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம். காஜாவும் பட்டனும் கொடுங்கள். கை வேலையை முழுக்கப் பிடுங்கிவிடாதீர்கள்.

"அண்ணனுக்குத் திடீரென்று வலிப்பு. தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஸ்கேனில் வளையம் வளையமாக நாலைந்து கட்டி. எச்.ஐ.வி. இருப்பதை நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள், முன்பு ஒரு இடத்தில் அப்படி நடந்தது. ஃபெனிடாயின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்."
— பெயர், ஊர் இல்லை

முன்பு நடந்தது அநியாயம். நானும் அந்த அநியாயத்தைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் சிறிது காலம் வேலை பார்த்த ஓர் இடத்தில் கட்டிலின் கால்மாட்டில் சிவப்பு எழுத்தில் அட்டை மாட்டுவார்கள். சாப்பாட்டு வண்டி அந்தக் கட்டிலுக்கு மட்டும் நிற்காது. பலமுறை கழற்றிப் போட்டிருக்கிறேன், மறுநாள் புதிய அட்டை தொங்கும். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தபோது நான் ஹவுஸ் சர்ஜன். அன்று தொடங்கிய பயம் இன்னும் முழுக்கப் போகவில்லை. ஆனால் இப்போது உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. எச்.ஐ.வி. என்ற காரணத்துக்காகச் சிகிச்சை மறுப்பது சட்டவிரோதம். உங்கள் சம்மதம் இல்லாமல் அதை வெளியே சொல்வதும் சட்டவிரோதம். 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் கூப்பிட்டு விவரம் கேட்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வைத்தியம் பார்க்கிற அந்த ஒரு மருத்துவரிடம், கதவைச் சாத்திவிட்டு, சொல்லிவிடுங்கள். அதே ஸ்கேன் படம் எச்.ஐ.வி. இல்லாதவருக்கு ஒரு கதை சொல்லும், இருப்பவருக்கு வேறு கதை. நம் ஊரில் மூளையில் வளையம் என்றால் டி.பி. கட்டி அல்லது நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டி என்றுதான் முதலில் கை போகும். எச்.ஐ.வி. இருந்து சி.டி.4 100-க்குக் கீழே என்றால் டாக்ஸோபிளாஸ்மா முன்னால் வந்து நிற்கும். அதற்கு மருந்து, ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுக்கிற கோட்ரைமாக்சசோல் என்கிற அதே வெள்ளை மாத்திரைதான், அளவு மட்டும் அதிகம். ஏழு நாள், பத்து நாளில் ஆள் எழுந்து நடப்பார். இரண்டு வாரத்தில் ஸ்கேனில் வளையம் சுருங்கவில்லை என்றால் டி.பி., லிம்போமா என்கிற புற்றுநோய் என்று அடுத்ததைத் தேடுவோம். வாய்க்கு ருசியில்லை, பெரிதாக இருக்கிறது என்று பலர் தூக்கிப் போடுகிற அந்த மாத்திரையை முன்பே ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இந்த நோய் பெரும்பாலும் வந்தேயிருக்காது. சல்பா அலர்ஜி இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லுங்கள்.

அந்த ஃபெனிடாயின் விஷயம் அவசரம். அது டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். வலிப்பு நிற்கும், வைரஸ் எழுந்துகொள்ளும். எச்.ஐ.வி. என்று தெரிந்திருந்தால் அந்த மருத்துவர் வேறு வலிப்பு மருந்து, லெவெடிராசெட்டமோ வால்ப்ரோயேட்டோ, கொடுத்திருப்பார். (பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் வேண்டாம்.) நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு கொத்தாகத் திரும்பும். மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுபடி வலிப்பு வந்தால் கையில் இரும்பு வைக்க வேண்டாம், வாயில் எதுவும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மணி பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

"2005 முதல் மாத்திரை சாப்பிடுகிறேன். வைரஸ் இல்லை என்றே ரிப்போர்ட் வருகிறது. ஆனால் பத்து வருஷமாகப் பாதம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை."
— சேலம் மாவட்டம்

2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் போன்ற சில இடங்களில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது கொடுத்த கூட்டு மாத்திரையில் ஸ்டாவுடின் இருந்தது. ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றிய மருந்து. பாத நரம்புகளை அரித்த மருந்தும் அதுதான். பிறகு அதைக் கைவிட்டுவிட்டோம். போன நரம்பு முழுக்கத் திரும்பாது, எரிச்சலைக் குறைக்க ராத்திரி மாத்திரைகள் உண்டு. சர்க்கரையும் பி-12-ம் பாருங்கள். டி.பி.க்கு ஐ.என்.எச். சாப்பிட்டிருந்தால் கூடவே பைரிடாக்சின் என்கிற பி-6 வைட்டமின் கொடுத்தார்களா என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். பின்னால் வார் வைத்த செருப்பு போடுங்கள். தினமும் படுக்கும் முன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். முள் குத்தியிருந்தாலும் உங்களுக்கு வலிக்காது.

"நான் ஸ்டாஃப் நர்ஸ், வேலைக்கு வந்து ஆறு மாதம். எச்.ஐ.வி. உள்ள ஒருவர் நுரையீரல் தொற்றுக்காகச் சேர்ந்தார். நேற்று மாலைவரை நன்றாகப் பேசினார். ராத்திரி டிரிப்பைப் பிடுங்கி எறிந்து கத்தினார். 'பைத்தியம் பிடித்துவிட்டது, கட்டிப் போடு, காலையில் மனநல வார்டுக்கு அனுப்பலாம்' என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை."
— பெயர் வேண்டாம்

ஒப்பாத அந்த மனசை விட்டுவிடாதே மகளே. மாலையில் நன்றாகப் பேசியவர் ராத்திரியில் மாறினார் என்றால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். விரல் நுனியில் சர்க்கரை, ஆக்ஸிஜன் அளவு, காய்ச்சல், அடிவயிற்றில் கை வைத்து மூத்திரப்பை நிரம்பியிருக்கிறதா. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அனுப்பச் சொல். வீட்டாரிடம் தனியாகக் கேள்: குடிப்பாரா, கடைசியாக எப்போது? குடியை விட்ட இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வருகிற குழப்பம் இப்படித்தான் இருக்கும். அவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் என்கிற பி-1 வைட்டமின் போட வேண்டும். கழுத்து விறைப்பாக இருக்கிறதா என்று பார். தலைவலி என்று இரண்டு நாளாக முனகியதை யாராவது கேட்டார்களா? இந்த நோயாளிகள் ஒரு தொற்றுக்காக உள்ளே வந்து, மூளையில் இன்னொன்றை வைத்திருப்பது சகஜம். கட்டிப் போட்டால் இன்னும் முரண்டுவார். ஒரு விளக்கு எரியட்டும், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பேரைச் சொல்லிக் கூப்பிடு.

என் வார்டில் ஒரு நைட் சிஸ்டர் இருந்தார். ஒருநாள் காலை ஆறு மணிக்கு டியூட்டி மாற்றும்போது, "எட்டாம் பெட்காரர் ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தலைகீழா வெச்சு அதுமேல சோறு போடச் சொன்னார் டாக்டர்" என்றார். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, கேஸ் ஷீட்டில் எல்லாம் நார்மல். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒன்பது மணிக்கு முதுகு நீர் எடுத்தோம். பூஞ்சை. ஆறு வாரம் கழித்து அவர் தானே நடந்து பஸ் ஏறினார்.

நீ எழுதிய "நேற்று மாலைவரை நன்றாகப் பேசினார்" என்பதும் அப்படியொரு வாக்கியம்தான். அதை நேரம் போட்டு கேஸ் ஷீட்டில் எழுது. எழுதிவிட்டு டியூட்டி டாக்டரைப் போய் எழுப்பு.